கலண்டர்த்தாள் மறைத்த மனிதர்கள்

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



ஒவ்வொரு வகுப்பினரும் ஒருவரை மேடைக்கு அனுப்பவேண்டும் என்று சங்கம் கேட்டது. எங்களவர்கள் ஒரு வைத்தியரை அனுப்பியிருக்கிறார்கள். ஆகவே நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ பேச்சு வரும் என்று எதிர்பார்த்துச் சிலர் முன்வரிசையில் இருப்பது தெரிகிறது. மன்னிக்கவேண்டும். இன்று பேசப்போவது ஓர் ஓவியத்தைப் பற்றி. பேசுவது ஒரு குரல் என்றாலும், இதைத் தேடிப் படித்ததும் தொலைபேசியில் மணிக்கணக்காக விவாதித்ததும் எங்கள் வகுப்பினர் பலர். அதனால் 'நாங்கள்' என்றே சொல்லிக்கொண்டு போகிறோம்.

1990ஆம் ஆண்டு நாங்கள் ஆறாம் வகுப்பு. எங்கள் வகுப்பறைச் சுவரில் ஒரு கடைக் கலண்டர் தொங்கியது. பனி மூடிய மலைகள், மலையடியில் கண்ணாடிபோல ஒரு குளம், ஒரு பக்கம் வெயில் விழுந்து மின்னும் அருவி. அது எந்த நாடு என்று எங்களுக்குத் தெரியாது. ஒருத்தி சுவிற்சர்லாந்து என்றாள். மற்றவள் காஷ்மீர் என்றாள். சித்திரப் பாடத்தில் அதைப் பார்த்துத்தான் மலை வரைந்தோம். படத்தின் கீழ்ப்பகுதியில் நாள்தாள் கட்டை வைத்துத் தைத்திருந்தார்கள். தினமும் காலையில் ஒரு தாள் கிழிப்பது எங்களுள் ஒருத்தியின் பொறுப்பு. அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

அந்த வருடம் ஆனி மாதத்தில் மீண்டும் போர் தொடங்கியது. மின்சாரம் நின்றது. வெளிச்சம் குறைந்த அந்த அறையில், குண்டுச் சத்தத்துக்கு நடுவே, எங்களுக்கு அமைதியான ஓர் இடம் தெரிந்தது என்றால் அது அந்தக் கலண்டர் மட்டுந்தான்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு எங்களுள் மூவர் நியூயோர்க்கில் சந்தித்தோம். மெட்ரோபொலிற்றன் கலை நூதனசாலைக்குள் போய், அமெரிக்க ஓவியங்கள் இருக்கும் பகுதிக்குள் திரும்பியதும் மூவரும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டோம். எங்கள் கலண்டர் மலை சுவர் நிறைய நின்றது. ஏறத்தாழ ஆறு அடி உயரம், பத்து அடி அகலம். 'ரொக்கி மலைகள், லாண்டர் சிகரம்' என்று பெயர். வரைந்தவர் அல்பேட் பியர்ஸ்ராட். ஆண்டு 1863.

மலை அதே மலை. குளமும் அருவியும் அவையே. ஆனால் படத்தின் கீழே நாங்கள் ஒருநாளும் காணாத ஓர் ஊர் இருந்தது. பசும்புல்வெளியில் தோற்கூடாரங்கள். குதிரைகள், நாய்கள். வேட்டையாடிக் கொண்டுவந்து கிடத்திய விலங்குகள். வேலை செய்கிறவர்களும் சும்மா இருந்து கதைக்கிறவர்களுமாக மனிதர்கள். அவர்கள் ஷோஷோனி என்ற பழங்குடி மக்கள். அந்த நிலத்துக்குரியவர்கள். எங்கள் கலண்டரில் நாள்தாள் கட்டை தைத்திருந்த இடம் சரியாக அவர்கள்மேல் விழுந்திருக்கிறது. ஒரு வருடம் முழுக்க அந்தப் படத்தைப் பார்த்தும் அதில் மனிதர்கள் இருந்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது.

அன்றிலிருந்துதான் இந்தப் படத்தைப் பற்றித் தேடத் தொடங்கினோம்.

பியர்ஸ்ராட் 1830இல் ஜேர்மனியின் சோலிங்கன் நகரில் பிறந்தவர். இரண்டு வயதுப் பிள்ளையாகப் பெற்றோருடன் அமெரிக்காவுக்கு வந்து, மசாசூசெற்ஸ் மாநிலத்தின் நியூ பெட்போட் என்ற துறைமுக ஊரில் வளர்ந்தார். இளைஞரானதும் ஜேர்மனிக்குத் திரும்பிப்போய் டுசெல்டோர்ப் நகரில் ஓவியம் பழகினார். அல்ப்ஸ் மலைகளையும் பார்த்தார். பெரிய மலை, பெரிய வானம், இவற்றின் முன்னே சிறிய மனிதன் என்று இயற்கையைப் பக்தியோடு பார்ப்பது அக்கால ஐரோப்பிய ஓவியரின் வழக்கம். அந்தப் பார்வையைக் கற்றுக்கொண்டு அமெரிக்கா திரும்பினார்.

1859இல் அவருக்கு மேற்கே போக ஒரு வாய்ப்புக் கிடைத்தது. பிரெடெரிக் லாண்டர் என்ற பொறியியலாளர், அரசாங்கத்துக்காக மேற்கு நோக்கி ஒரு வண்டிப்பாதை அமைத்துக்கொண்டிருந்தார். கிழக்கிலிருந்து கலிபோர்னியாவுக்கும் ஒரிகனுக்கும் குடிபெயர்வோர் போவதற்கான பாதை அது. அந்தக் குழுவோடு பியர்ஸ்ராட் புறப்பட்டு, இன்றைய வயோமிங் மாநிலத்தின் விண்ட் ரிவர் மலைத்தொடர்வரை போனார். பென்சிலாலும் வர்ணத்தாலும் சிறு சிறு படங்கள் வரைந்தார். புகைப்படமும் எடுத்தார். பழங்குடி மக்களின் பொருட்களைச் சேகரித்தார். எல்லாவற்றையும் கொண்டுவந்து நியூயோர்க்கில் தமது ஓவியக்கூடத்தில் வைத்து, அவற்றிலிருந்து இந்தப் பெரிய படத்தைக் கட்டியெழுப்பினார்.

'கட்டியெழுப்பினார்' என்று தெரிந்துதான் சொல்கிறோம். இந்தப் படத்தில் உள்ளபடி மலையும் குளமும் அருவியும் ஒன்றாகத் தெரியும் ஓர் இடத்தில் நின்று அவர் இதை வரையவில்லை. பல இடங்களில் கண்டவற்றை ஒன்றாக்கி, அல்ப்ஸ் மலையின் நினைவையும் சேர்த்து வரைந்தார். லாண்டர் 1862இல், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, நோயுற்று இறந்துபோனார். அவரின் நினைவாகவே படத்தின் நடுச் சிகரத்துக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. அந்த மலையடியில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கு அந்தச் சிகரங்களுக்குச் சொந்தப் பெயர்கள் இருந்திருக்கும் அல்லவா? படத்தின் தலைப்பில் அவற்றுக்கு இடமில்லை.

அந்தப் பயணத்தின்போது பியர்ஸ்ராட் ஒரு கலைச் சஞ்சிகைக்குக் கடிதம் எழுதினார். இந்த மக்களின் பழக்கவழக்கங்கள் இன்னமும் பழையபடியே இருக்கின்றன, ஆனால் இவர்கள் விரைவாக மறைந்து வருகிறார்கள், இவர்களை வரைவதென்றால் இப்போதே வரையவேண்டும் என்பது அதில் அவர் சொன்னதன் சாரம். அக்காலத்தில் படித்தவர்கள் பலர் அப்படித்தான் பேசினார்கள். இரக்கத்தோடுதான் பேசினார்கள்.

இந்த இடத்தில் எங்களுக்கு எங்கள் தமிழ் ரீச்சரின் இலக்கண வகுப்பு ஞாபகம் வந்தது. தன்வினை, பிறவினை. 'மறைந்தான்' என்றால் தானே மறைந்தான். 'மறைத்தான்' என்றால் வேறொன்றை மறைத்தான். திருந்தினான், திருத்தினான். அழிந்தது, அழித்தது. மெல்லின ஒற்று வல்லின ஒற்றாக மாறினால் செய்தவன் வந்து நிற்பான் என்று அவர் கரும்பலகையில் எழுதிக் காட்டியது இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. பியர்ஸ்ராட்டின் கடிதத்தில் உள்ளது தன்வினை. மக்கள் மறைந்து வருகிறார்கள். மாலையில் சூரியன் மறைவதுபோல. யாரும் ஒன்றும் செய்யவில்லை.

வைத்தியத் தொழிலிலும் இதே பாடம் உண்டு. புதிதாக வரும் பயிற்சி வைத்தியருக்கு மரண அத்தாட்சி எழுதப் பழக்கும்போது முதலில் சொல்வது, 'இதயம் நின்றது' என்று காரணம் எழுதாதே என்பதுதான். எல்லா மரணத்திலும் இதயம் நிற்கும். ஏன் நின்றது? அதற்குமுன் என்ன நடந்தது? அதை எழுதாவிட்டால் அடுத்த மரணத்தைத் தடுக்க வழியில்லை.

ஷோஷோனி மக்கள் ஏன் 'மறைந்து' வந்தார்கள்? லாண்டர் அமைத்தது போன்ற பாதைகளால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தன. அவர்களின் மாடுகளும் குதிரைகளும் வழியெல்லாம் புல்லைத் தின்று தீர்த்தன. வேட்டை விலங்குகள் குறைந்தன. ஷோஷோனியர் குளிர்காலத்தில் தங்கும் பள்ளத்தாக்குகளிலே புதியவர்கள் குடியேறி வேலியடைத்தார்கள். பட்டினி வந்தது. பட்டினி கிடந்தவர்களுள் சிலர் மாடுகளைப் பிடித்தார்கள், வண்டிகளைத் தாக்கினார்கள். இரு பக்கத்திலும் கொலைகள் நடந்தன. அதன் பிறகு இராணுவம் வந்தது.

1863 ஜனவரி 29. படத்தில் உள்ள மலைகளுக்கு மேற்கே, இன்றைய ஐடாஹோ மாநிலத்தில் ஓடும் ஓர் ஆறு. அதன் பெயரைத் தமிழில் சொன்னால் கரடி ஆறு. ஆற்றங்கரையில் ஷோஷோனி மக்களின் வடமேற்குப் பிரிவினர் குளிர்காலத்துக்காகக் கூடாரம் அடித்துத் தங்கியிருந்தார்கள். உறைபனிக் காலையில் பற்றிக் கொனர் என்ற கேணலின் தலைமையில் கலிபோர்னியத் தொண்டர் படையினர் அந்த ஊரைத் தாக்கினார்கள். தொடக்கத்தில் அது சண்டையாக இருந்தது. ஷோஷோனியரிடம் தோட்டா முடிந்ததும் அது கொலையாக மாறியது. ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என்று கொல்லப்பட்டவர்கள் ஏறத்தாழ 250 பேர் என்பது குறைந்த கணக்கு. 400க்கும் மேல் என்று சொல்வோரும் உண்டு. அமெரிக்க மேற்கில் இராணுவம் பழங்குடி மக்களைக் கொன்ற நிகழ்வுகளுள் மிகக் கொடியவற்றில் இது ஒன்று. கொனருக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

படத்தில் கையெழுத்தோடு உள்ள ஆண்டும் 1863தான். படத்தில் உள்ளவர்கள் ஷோஷோனி மக்களின் கிழக்குப் பிரிவினர், கரடி ஆற்றில் கொல்லப்பட்டவர்கள் வடமேற்குப் பிரிவினர் என்பதையும் சரியாகச் சொல்லவேண்டும். மக்கள் ஒரே மக்கள். நியூயோர்க்கில் ஒரு ஷோஷோனி ஊர் புல்வெளியில் அமைதியாக வரையப்பட்ட அதே காலத்தில், மேற்கே ஒரு ஷோஷோனி ஊர் பனியில் அழிக்கப்பட்டது.

அடுத்த வருடம் நடந்ததை இந்தச் சபைக்குக் கட்டாயம் சொல்லவேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயப்பட்ட வட மாநிலப் படையினரைப் பராமரிக்க 'சுகாதார ஆணைக்குழு' என்ற தொண்டு அமைப்பு 1861இல் தொடங்கப்பட்டது. அதற்கு அடித்தளம் போட்டவர்கள் பெண்கள். அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் பெண்ணான எலிசபெத் பிளக்வெல் அதில் முன்னின்றவர். நிதி சேர்ப்பதற்காக நகரம் நகரமாகச் சந்தைகள் நடத்தினார்கள். தையல் வேலை, பலகாரம், பூச்செடி, அதிர்ஷ்டச் சீட்டு எல்லாம் விற்றார்கள். எங்கள் சங்கம் கட்டட நிதிக்கு நடத்தும் விற்பனை விழாவேதான், பென்னம்பெரிய அளவில். 1864 சித்திரையில் நியூயோர்க்கில் நடந்த சந்தையில் மட்டும் பத்து இலட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது.

அந்தச் சந்தையின் ஓவியக்கூடத்தில் இந்தப் படம் தொங்கியது. எதிர்ச் சுவரில் பிரெடெரிக் சேர்ச் வரைந்த 'அன்டீஸ் மலைகளின் இதயம்' என்ற இன்னொரு பெரிய நிலக்காட்சி. சனங்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். பழங்குடியினர் சிலரை அழைத்துவந்து அவர்களின் ஆடல்களை நடத்திக் காட்டவும் பியர்ஸ்ராட் ஏற்பாடு செய்தார். அங்கே நின்று கட்டுத்துணியும் மருந்தும் வாங்கப் பணம் சேர்த்த பெண்கள் நல்லவர்கள். அவர்களின் பணத்தால் உயிர் தப்பியவர்கள் ஏராளம். எங்களைப் போன்ற பெண் வைத்தியர்களுக்கு அவர்கள் முன்னோடிகள். ஆனால் அவர்களின் இரக்கம் போய்ச் சேராத ஓர் இடம் அந்தச் சுவரிலேயே தொங்கியது. அழகான படம் என்று அண்ணாந்து பார்த்தார்கள். பதினைந்து மாதத்துக்கு முன் இந்த மக்களின் ஊர் ஒன்றில் நடந்ததை அந்தப் படத்தின் முன் நின்று யாராவது கேட்டிருப்பார்களா? மலை பெரிதாக இருந்தது. மனிதர் சிறிதாக இருந்தார்கள்.

1865இல் ஜேம்ஸ் மக்ஹென்றி என்பவர் படத்தை 25,000 டொலருக்கு வாங்கினார். அக்காலத்தில் அமெரிக்க ஓவியம் ஒன்றுக்குக் கிடைத்த மிக உயர்ந்த விலைகளுள் அதுவும் ஒன்று. அவர் ரயில்பாதைகளுக்கு முதலீடு திரட்டியவர். 1869இல் கிழக்கையும் மேற்கையும் இணைத்து ரயில்பாதை ஓடியது. பாதை போட்டவரின் பெயரில் சிகரம், ரயில்பாதைக்குப் பணம் திரட்டியவரின் வீட்டில் படம். இதையெல்லாம் பியர்ஸ்ராட் திட்டமிட்டுச் செய்தார் என்று நாங்கள் சொல்லவரவில்லை. அவர் அழகைக் கண்டார், அதை வரைந்தார். ஆனால் 'வாருங்கள், இந்த நிலம் உங்களுக்காகக் காத்திருக்கிறது' என்று அந்தப் படம் பலருக்குச் சொன்னது. பிற்காலத்தில் அவரின் பாணி மதிப்பிழந்து, கடனாளியாகி, 1902இல் காலமானார். 1907இல் படம் நூதனசாலைக்கு வந்து சேர்ந்தது.

அமெரிக்காவின் கதை எங்களுக்கு எதற்கு என்று யாராவது நினைக்கலாம். பியர்ஸ்ராட் வளர்ந்த மசாசூசெற்ஸ் மாநிலத்தின் பொஸ்ரன் நகரில் இயங்கிய அமெரிக்க மிஷன் சபைதான் 1816இல் யாழ்ப்பாணத்துக்குப் போதகர்களை அனுப்பியது. உடுவிலில் 1824இல் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை திறந்தவர்கள் அவர்கள். அதே சபை 1817இல் அமெரிக்காவின் செரோக்கி பழங்குடி மக்களிடையிலும் பாடசாலை திறந்தது. 1838இல் அந்த மக்கள் படைபலத்தால் சொந்த நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, ஆயிரக்கணக்கில் வழியில் இறந்தார்கள். இந்தப் படம் வரையப்பட்ட காலத்தை ஒட்டி, மசாசூசெற்ஸிலிருந்து வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் இருந்து தமிழிலே மருத்துவம் கற்பித்துக்கொண்டிருந்தார். தமிழில் மருத்துவம் எழுதமுடியும் என்று காட்டிய அவருக்கு எங்கள் தொழில் கடன்பட்டிருக்கிறது. ஒரே மண்ணிலிருந்து எங்களுக்குப் பாடசாலையும் வைத்தியமும் வந்தன, வேறு மக்களுக்கு வண்டிப்பாதையும் படையும் போயின. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லும்போது மற்றதை மறக்கவேண்டியதில்லை.

இனி, மறைந்துவிடுவார்கள் என்று பியர்ஸ்ராட் சொன்ன மக்களைப் பற்றி. அவர்கள் மறையவில்லை. கிழக்கு ஷோஷோனியர் இன்றும் வயோமிங்கில், அதே விண்ட் ரிவர் மலைகளின் அடியில், தங்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தில் வாழ்கிறார்கள். பக்கத்து ஊரின் பெயர் லாண்டர்.

கரடி ஆற்றுப் படுகொலை நாளில் யேகர் டிம்பிம்பூ என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன், பாட்டியோடு பனியில் செத்தவன்போலக் கிடந்தான். கண்ணைத் திறந்து பார்த்தபோது ஒரு சிப்பாய் துப்பாக்கியை அவன்மேல் நீட்டியபடி நின்றான். நீட்டினான், தாழ்த்தினான், மீண்டும் நீட்டினான். கடைசியில் சுடாமல் போய்விட்டான். அந்தச் சிறுவன் வளர்ந்து பாட்டனாகி, இந்தக் கதையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார். அவர்களுள் 1919இல் பிறந்த ஒரு பேத்தி அதைக் கேட்டு மனதில் வைத்திருந்து எழுதிவைத்தார். அவர் பெயர் மே டிம்பிம்பூ பாரி.

அந்த இடத்தில் 1932இல் ஒரு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டிருந்தது. அதில் நடந்ததற்கு வைத்த பெயர் 'சண்டை'. பிறகு பதித்த ஒரு பலகை, காயப்பட்ட சிப்பாய்களைப் பராமரித்த குடியேற்றப் பெண்களைப் பாராட்டியது. கொல்லப்பட்ட பெண்களுக்கு அங்கே இரக்கமான ஒரு சொல்கூட இல்லை. மே பாரி எழுதினார், பேசினார், பதவியில் இருந்தவர்களிடம் போய்ப் போய்க் கேட்டார். 1990இல் அந்த இடம் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டபோது அதன் பெயர் 'கரடி ஆற்றுப் படுகொலை நிலம்'. அவர் 2007இல் காலமானார். 2018இல் ஷோஷோனி வடமேற்குப் பிரிவினர் அந்த நிலத்தில் சுமார் 550 ஏக்கரைப் பணம் கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். தங்கள் நிலத்தைத் தாங்களே விலைக்கு வாங்கினார்கள். ஒரு பேத்தி பாட்டனின் கதையை எழுதிவைத்திராவிட்டால் எதை நினைவுகூர அந்த நிலத்தை வாங்கியிருப்பார்கள்?

அன்பான சகோதரிகளே, இப்போது எங்கள் கலண்டருக்கு வருகிறோம்.

தினமும் நாள்தாள் கிழித்த தோழி ஒரு முஸ்லிம் பிள்ளை. எங்கள் வகுப்பில் அவளோடு இன்னொருத்தியும் இருந்தாள். மற்ற வகுப்புகளிலும் இருந்தார்கள். 1990 ஒக்ரோபர் மாத முடிவில், சில மணி நேர அவகாசத்தில், வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள். அடுத்தமுறை வகுப்புக்கு வந்தபோது அவர்களின் வாங்கு வெறுமையாக இருந்தது. கலண்டர் அந்தத் திகதியிலேயே நின்றது. சில நாள் யாரும் கிழிக்கவில்லை. பிறகு ஒருத்தி எழும்பிப்போய் எல்லாத் தாளையும் சேர்த்துக் கிழித்தாள். அதன் பிறகு நாங்கள் அந்த வாங்குக்கு மாறி இருந்தோம். அங்கே யன்னல் வெளிச்சம் நன்றாக விழும்.

நாங்கள் பதினொரு வயதுப் பிள்ளைகள். எங்களால் எதையும் தடுத்திருக்க முடியாது. ஆனால் வளர்ந்த பிறகும் முப்பது வருடத்துக்கு மேலாக அவர்களைப் பற்றி எங்களுக்குள் பேசியபோது என்ன சொன்னோம்? 'அவை போயிட்டினம்.' வரவு இடாப்பில் அவர்களின் பெயருக்கு எதிரே உள்ள சொல் 'விலகினார்'. தன்வினை.

1995இல் எங்கள் முறை வந்தது. ஒக்ரோபர் முப்பதாம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து மழைக்குள் நடந்தோம். அந்தக் கதையை எங்கள் பிள்ளைகளுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்போம். எங்கே கால் வழுக்கியது, யார் தண்ணீர் தந்தது, எந்தப் பாலத்தில் எத்தனை மணி நேரம் நின்றோம் என்று ஒவ்வொன்றும் ஞாபகம் இருக்கிறது. அதே ஒக்ரோபர் முப்பதை ஒட்டிய நாட்களில், ஐந்து வருடத்துக்கு முன், எங்கள் வாங்கில் இருந்தவர்கள் என்னவெல்லாம் கண்டார்கள் என்று அவர்களிடம் நாங்கள் கேட்டதில்லை.

இந்த நூற்றாண்டு மலருக்காகப் பழைய படங்களைச் சேகரித்தபோது இது எங்களுக்கு உறைத்தது. பரிசளிப்பு விழா, விளையாட்டுப் போட்டி, கலைவிழா, பழைய கட்டடம். எல்லாம் அழகான படங்கள். எங்கள் பாடசாலை எங்களுக்கு மலைபோல உயர்ந்து நிற்கிறது, அது நியாயமானது. ஆனால் அந்தப் படங்களின் கீழ்ப்பகுதியில் யார்மேல் எந்தக் கட்டையை வைத்துத் தைத்திருக்கிறோம் என்பதையும் பார்க்கவேண்டும் அல்லவா?

ஆகவே எங்கள் வகுப்பினர் ஒரு வேலை தொடங்கியிருக்கிறோம். அந்த இரண்டு தோழியரையும் தேடினோம். ஒருத்தி புத்தளத்தில் இருக்கிறாள், அவளுக்குப் பேரப்பிள்ளை பிறந்துவிட்டது. தொலைபேசியில் பேசினோம். முதலில் அவள் கேட்டது, 'கலண்டரை ஆர் கிழிச்சது?' என்று. சிரித்தோம். பிறகு நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. தனக்கு நடந்ததைத் தானே எழுதித் தருவதாகச் சொன்னாள். எழுதி முடிக்க நாள் எடுக்கும் என்றும் சொன்னாள். யார் செய்தார்கள், எப்படிச் செய்தார்கள், நாங்கள் என்ன செய்யாமல் இருந்தோம் என்பதை அவள் தன் சொல்லிலேயே எழுதட்டும். அந்த எழுத்தில் நாங்கள் கைவைக்கப்போவதில்லை. மற்றவளை இன்னமும் தேடுகிறோம்.

சங்கத்திடம் எங்கள் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, 1990இல் எங்களை விட்டு வெளியேற்றப்பட்ட மாணவிகளின் பெயர்களை இடாப்பிலிருந்து எடுத்து, அவர்களையும் பழைய மாணவிகளாக அழைத்து, சங்க அங்கத்துவம் கொடுக்கவேண்டும். நூறாவது ஆண்டு ஒன்றுகூடலுக்கு அவர்களை அழைக்கத் தவறிவிட்டோம். நூற்றியோராவதுக்கு அழைப்போம். இரண்டு, ஒவ்வொரு வகுப்பினரும் தங்களுக்கு நடந்ததையும் தாங்கள் கண்டதையும் ஒரு கொப்பியில் எழுதிப் பாடசாலை நூலகத்துக்குக் கொடுக்கவேண்டும். பெரிய எழுத்தாளராக இருக்கவேண்டியதில்லை. மே பாரி பாட்டனாரின் கதையைக் கேட்டு எழுதிய ஒரு பேத்தி, அவ்வளவுதான். வயதான அக்காமாரே, நீங்கள் சொல்லுங்கள். தங்கைமார் எழுதட்டும். எழுதும்போது வினைச்சொல்லைக் கொஞ்சம் கவனித்து எழுதட்டும்.

கடைசியாக ஒரு கேள்விக்குப் பதில். இவ்வளவும் தெரிந்த பிறகு அந்தப் படம் உங்களுக்கு இன்னமும் அழகாக இருக்கிறதா என்று எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி கேட்டாள். இருக்கிறது. அந்தக் குளத்தின் வெளிச்சம் 1990இல் எங்களைத் தாங்கியது, அதை மறுக்கமாட்டோம். அடுத்தமுறை நியூயோர்க் போகிறவர்கள் போய்ப் பாருங்கள். முதலில் படத்தின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். கூடாரங்களையும் குதிரைகளையும் எண்ணுங்கள், ஒவ்வொரு மனிதரும் என்ன செய்கிறார் என்று பாருங்கள். பிறகு மெதுவாகத் தலையை உயர்த்தி மலையைப் பாருங்கள்.